ஸ்பிளிட் சார்ஜ் ரிலே: பெயரில் பிரிவு, வேலையில் சேர்க்கை

பிரிட்டனில் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் சொல் 'ஸ்பிளிட் சார்ஜ்'. ஸ்பிளிட் என்றால் பிளப்பது, பிரிப்பது. ஆகவே, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தருவதை ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைக்கும் கருவி இது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது எதையும் பங்கு வைப்பதில்லை.

வண்டியில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. மற்றது வீட்டுப் பகுதியின் விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீட்டர் விசிறி ஆகியவற்றுக்கு. இரண்டாவதை பிரிட்டனில் 'லெஷர் பேட்டரி' என்பார்கள், அமெரிக்காவில் 'ஹவுஸ் பேட்டரி'. நமக்கு 'வீட்டு பேட்டரி' போதும். எஞ்சின் ஓடும்போது ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இரண்டையும் பக்க இணைப்பாகச் சேர்க்கிறது, நின்றதும் பிரித்துவிடுகிறது. ராத்திரி முழுக்க விளக்கெரிந்து வீட்டு பேட்டரி படுத்துவிட்டாலும் காலையில் வண்டி கிளம்பியாக வேண்டும், பிரிவு அதற்குத்தான். எதற்கு எவ்வளவு மின்சாரம் என்பதை ரிலே தீர்மானிப்பதில்லை. காலியாக இருக்கும் பேட்டரி தானே அதிகம் இழுத்துக்கொள்ளும்.

ஸ்பிளிட் என்ற பெயர் நேராகப் பொருந்துவது, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வகைக்கு. அதில் ஒரு கம்பி உள்ளே வந்து இரண்டாகக் கிளை பிரியும். ஆனால் டயோடிலேயே 0.6 முதல் 0.7 வோல்ட் வரை தொலைந்துபோகும். ஈய-அமில பேட்டரி நிறைவதற்கு அது பெரிய இழப்பு. ரிலே வகைக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது.

'ரிலே'யின் பூர்விகம் சுவையானது. பழைய பிரெஞ்சில் அது வேட்டைச் சொல். களைத்த நாய்களுக்குப் பதிலாக, வழியில் தயாராக நிறுத்தியிருக்கும் புதிய நாய்களைக் குறித்தது. பிறகு தபால் குதிரைகளுக்கு வந்தது. 1830களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி தந்திக்காக மின்காந்த ரிலேயை உருவாக்கினார். தொலைவில் இளைத்துப்போன மின்சாரம், அங்கே உள்ள புதிய பேட்டரியின் சுற்றை மூடிவிடும். செய்தி அடுத்த கட்டத்துக்கு ஓடும். குதிரை மாற்றுவது போலத்தான்.

தமிழில் இதற்கு இணை 'அஞ்சல்'. வானொலியில் 'டெல்லி அஞ்சல்' என்று கேட்டவர்களுக்கு அது தபாலை அல்ல, டெல்லி நிலையத்தின் ஒலிபரப்பை வாங்கி மறுபடி ஒலிபரப்புவதைக் குறித்தது என்பது தெரியும். திருவிதாங்கூரில் ஆள் மாற்றி ஆள் ஓடிக் கடிதம் சேர்த்த அமைப்புக்கும் அஞ்சல் என்றே பெயர். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. வரலாறு பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் 'அஞ்சல் போயிருக்கு, மாத்தணும்' என்று பட்டறையில் சொன்னால் யாருக்கும் விளங்காது. 'உணர்த்தி' என்றும் எழுதுகிறார்கள். சென்சாருக்குரிய 'உணரி'யோடு குழம்பும். ரிலேயை ரிலேயாகவே விட்டுவிட்டு முன்பாதியைத் தமிழாக்கலாம். 'பகிர்வு மின்னேற்றம்' பழைய தவறான எண்ணத்தையே வளர்க்கும். 'இணைபிரி ரிலே' என்றால் சேர்வது, பிரிவது இரண்டும் வந்துவிடும். இணைபிரியா நண்பர்கள் என்பதற்கு நேர் எதிர். டைனமோ காலத்து வண்டிகளில் இதே குணம் கொண்ட 'கட்-அவுட்' இருந்தது. நடிகருக்கு வைக்கும் கட்-அவுட் அல்ல. எஞ்சின் நின்றதும் பேட்டரியையும் டைனமோவையும் பிரித்துவைத்த ரிலே.

சாதாரண நான்கு கால் ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். 86க்கு ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனை, 85க்கு எர்த், 30க்கு ஸ்டார்ட்டர் பேட்டரி, 87க்கு வீட்டு பேட்டரி. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கினால்தான் டி பிளஸ்ஸில் முழு வோல்ட் வரும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் இழுத்து இணைப்பை மூடும். வோல்ட்டைத் தானே பார்த்து இயங்கும் வகையும் உண்டு; சுமார் 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8இல் பிரியும். 30க்கும் 87க்கும் போகும் கம்பிகளில், அந்தந்த பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறதே, ஒரு ஃபியூஸ் போதாது.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது ரிலே அல்ல, கம்பி. வீட்டு பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, போக வர 10 மீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மி.மீ. கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் விழும். ஆல்டர்னேட்டரில் 14.4 இருந்தாலும் பேட்டரிக்கு 13.5தான் கிடைக்கும். அதே இடத்தில் 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.33 வோல்ட். 'மூணு மணி நேரம் ஓட்டியும் ஏறலை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பேட்டரிகளையும் அளக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் 14.3 இருந்து வீட்டு பேட்டரி 12.5ஐ விட்டு நகரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, டி பிளஸ் கம்பி இவற்றில் ஒன்று. 13.2 வரை ஏறி நின்றால் மெல்லிய கம்பி அல்லது துருப்பிடித்த எர்த். 20 ஆம்பியருக்கு மேல் ஓடும்போது 30க்கும் 87க்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ரிலேக்குள் சேர்ந்து பிரியும் முனையான காண்டாக்ட் கருகியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் வீட்டு விளக்குகளைப் போட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே இறங்குகின்றனவா? காண்டாக்ட் ஒட்டிப்போய்விட்டது; பிரிவே நடக்கவில்லை.

ஐரோப்பாவின் புகை வரம்பு விதியான யூரோ 6-க்கு ஏற்பச் செய்த வண்டிகளில் கதை வேறு. எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர், நெடுஞ்சாலையில் ஓடும்போதே வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். வேகம் குறைக்கும்போது ஏற்றும். வோல்ட் பார்க்கும் ரிலே நடுவழியில் இணைப்பை விட்டுவிடும். டி பிளஸ் ரிலே விடாது, ஆனால் வீட்டு பேட்டரி நிறையவும் நிறையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்னொரு சிக்கல். அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வண்டி ஐட்லிங்கில் நின்றால் மெதுவாகச் சுழலும் ஆல்டர்னேட்டர் சூடேறி டயோடு எரியலாம். சும்மா இருக்கும்போதே லித்தியம் பேட்டரி 13.3 வோல்ட் காட்டும், ஆகவே எஞ்சின் நின்ற பிறகும் 12.8இல் பிரியும் ரிலே பிரியாமல் இருந்துவிடும்.

இதற்காக வந்ததுதான் 'பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர்'. இங்கே இரண்டு பேட்டரிகளும் நேராகச் சேர்வதே இல்லை, அதனால் இணைபிரி என்ற பெயர் ஒட்டாது. ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து அளவாக எடுத்து, வோல்ட்டை உயர்த்தி, வீட்டு பேட்டரிக்குத் தேவையான படிநிலைகளில் ஊட்டும். 'கலமிடை மின்னேற்றி' எனலாம். இதைப் பொருத்தும்போது பழைய ரிலேயின் பெரிய கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் சார்ஜர் அனுப்பிய மின்சாரமே ரிலே வழியாகத் திரும்பி அதன் வாய்க்கே வந்து சுற்றும். சார்ஜர் சூடாகும், பேட்டரி ஏறாது.