கோழிக்கு மண்டையில், ஆட்டுக்குக் கண்ணில்

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் காலை கோழிக்கூண்டைத் திறந்தால், நரி புகுந்துவிட்டதோ என்று பதற வைக்கும் அளவுக்கு இறகுகள் இறைந்து கிடக்கும். எண்ணிப் பார்த்தால் எல்லாக் கோழிகளும் இருக்கும். ஆனால் கழுத்து மொட்டை, வாலைக் காணோம், முட்டைக் கூடை காலி. அதே வாரத்தில் பக்கத்துக் கொட்டகையில் வெள்ளாடுகள் ஓயாமல் கத்தத் தொடங்கும். கிடா தன் தாடியிலேயே மூத்திரம் பெய்து, அந்த நாற்றத்தோடு வேலியை முட்டும். இங்கே ஒன்று அடங்குகிறது, அங்கே ஒன்று ஆட்டம் போடுகிறது.

குளிர்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் குளிரை நம்பினால் ஏமாந்து போகவேண்டியதுதான். ஒரு வருடம் முந்தி வரும், ஒரு வருடம் பிந்தி வரும். பகலின் நீளம் அப்படி மாறாது. அதனால் விலங்குகள் வெளிச்சத்தைத்தான் கணக்கு வைக்கின்றன.

கோழி கணக்கு வைக்கும் விதம் விசித்திரமானது. அதற்குக் கண்கூடத் தேவையில்லை. 1930-களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பெனுவா வாத்துகளின் கண்களை அகற்றிவிட்டு, வெளிச்சம் தரும் நேரத்தை நீட்டிப் பார்த்தார். அப்போதும் அவற்றின் விரைகள் வளர்ந்தன. பறவையின் மண்டை ஓடு மெல்லியது. அதை ஊடுருவிச் செல்லும் வெளிச்சத்தை, மூளையின் ஆழத்தில் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள செல்களே நேரடியாக உணர்கின்றன. பகல் குறையக் குறைய அங்கிருந்து கிளம்பும் இனப்பெருக்க ஹார்மோன்களும் குறையும், சினைப்பை சுருங்கும்.

நன்றாக முட்டையிடக் கோழிக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணிநேர வெளிச்சம் வேண்டும். அது கிடைக்காத காலத்தில் உடம்பு பழைய இறகைக் களைந்து புதிது போடுகிறது. தலையில் தொடங்கி, கழுத்து, மார்பு, முதுகு, இறக்கை என்று இறங்கி வாலில் முடியும். இறகில் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும், இறகுக்கும் புரதம் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுக்க அந்தச் சின்ன உடம்பால் முடியாது. அதனால் இரண்டு மூன்று மாதம் முட்டைக்கு விடுமுறை. முளைத்து வரும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். இந்தச் சமயத்தில் கோழியைத் தூக்கிக் கொஞ்சாமல், புரதம் கூடிய தீவனத்தை வைத்துவிட்டு விலகுவதே நல்லது.

ஆட்டின் கணக்கு வேறு. பாலூட்டிகளின் மூளைக்கு வெளிச்சத்தைப் பற்றிய செய்தி கண் வழியாகத்தான் போகும். இருட்டியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும், விடிந்ததும் நிறுத்திவிடும். (1958-இல் ஆரோன் லெர்னர் இந்த ஹார்மோனை முதன்முதலில் பிரித்தெடுத்ததே மாடுகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்துதான்.) இரவு நீண்டால் மெலடோனின் ரத்தத்தில் இருக்கும் நேரமும் நீளும். எத்தனை மணிநேரம் இருந்தது என்பதுதான் ஆட்டின் மூளைக்குச் செய்தி. நேரம் நீண்டதும் பெட்டை ஆடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். செம்மறிக்கு அது 17 நாள்.

ஏன் இந்த நேரத்தில் என்பதற்குச் சினைக்காலமே பதில். ஏறக்குறைய 150 நாள். இப்போது இணைந்தால் குட்டி விழும்போது வசந்தத்தின் இளம்புல் தயாராக இருக்கும், தாய்க்குப் பால் ஊறும். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம் என்பதால் அதே வசந்தத்தைப் பிடிக்க அது முந்தைய வசந்தத்திலேயே இணைந்தாக வேண்டும். அதனால் இலையுதிர்காலத்தில் குதிரை அந்தப் பேச்சையே எடுக்காமல் குளிர்கால ரோமம் வளர்ப்பதோடு நின்றுவிடும். பகலும் இரவும் ஆண்டு முழுதும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதி ஆடுகளுக்கோ இந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு.

முட்டை நிற்கக்கூடாது என்று சிலர் கூண்டில் டைமர் வைத்து விளக்குப் போடுவார்கள். போடுவதானால் விடியலுக்கு முன் எரியவிடுவதே சரி. மாலையில் சட்டென்று அணைந்தால், பரணில் ஏறாத கோழிகள் இருட்டில் தடுமாறும். கோழியும் ஆடும் ஒரே கொட்டகையில் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. கோழிக்காக நீட்டிய பகல் ஆட்டின் கண்ணிலும் படும். அதன் மூளைக்கு இன்னும் கோடைதான். முட்டை தொடர்ந்து கிடைக்கும், குட்டி தள்ளிப்போகக்கூடும்.