கிருமி மூக்கில், சேதி ரத்தத்தில்

"காய்ச்சல், உடம்பு வலி, இருமல். ரத்தம் எடுத்துப் பார்த்தால் இது ஃப்ளூவா வேறு காய்ச்சலா என்று தெரிந்துவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி தெரியும். அந்தப் பாதிக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஃப்ளூ வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உள்சுவர் செல்களில்தான் பெருகும். ரத்தத்துக்குள் வருவது அபூர்வம். டெங்குவில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தையே ரத்தத்தில் பிடித்துவிடலாம்; ஃப்ளூவில் அதற்கு வழியில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடியைத் தேடலாமென்றால், அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். அதற்குள் காய்ச்சலே போயிருக்கும். அதனால் வைரஸை விட்டுவிட்டு, வைரஸைக் கண்டதும் உடம்பு என்ன செய்தது என்று பார்க்கிறார்கள்.

1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும், சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை முட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். அந்தப் புதுச் சவ்வில் உயிருள்ள வைரஸ் சரியாக வளரவில்லை! முதல் சவ்வின் செல்கள் திரவத்தில் ஏதோ ஓர் எச்சரிக்கையைக் கலந்துவிட்டிருந்தன. அதற்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

1960-களில் லிண்டன்மன் ஏ2ஜி என்ற எலி இனத்தைக் கவனித்தார். மற்ற எலிகள் செத்துப்போகும் அளவு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தும் அவை பிழைத்தன. காரணம் எம்எக்ஸ் என்ற ஒரே மரபணு. நம்மிடமும் அதற்கு உறவான மரபணு உண்டு. அது தயாரிக்கும் புரதம் எம்எக்ஸ்ஏ. ஒன்றோடொன்று கோத்து வளையமாகி, வைரஸ் நகலெடுப்பதை முடக்கும்.

எனக்கு இதில் பிடித்தது, சண்டை தொண்டையில் நடக்கும்போதே ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களும் இன்டர்ஃபெரானின் சேதியைக் கேட்டு எம்எக்ஸ்ஏவைச் செய்து வைத்துக்கொள்வதுதான். அவை வைரஸை நேரில் பார்த்திருக்கவே வேண்டாம். ஆரோக்கியமானவர் ரத்தத்தில் இது மிகக் குறைவு. புரதம் செல்லுக்குள் இருப்பதால், விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தத்தில் செல்களை உடைத்துத்தான் அளக்க முடியும். கூடவே சிஆர்பியையும் பார்ப்பார்கள். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம் பாக்டீரியாத் தொற்றில் எகிறும். வைரஸ் காய்ச்சலில் அவ்வளவு ஏறாது. எம்எக்ஸ்ஏ ஏறி, சிஆர்பி அதிகம் ஏறாமல் இருந்தால் வைரஸ்தான் என்ற பக்கம் தராசு சாயும்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் விழுங்கும் பழக்கத்தைக் குறைக்க இந்த ஒரு தகவலே பெரிய உதவி. எலி ஏன் சாகவில்லை என்ற கேள்விக்கு உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், எம்எக்ஸ் நமக்குத் தெரிய எத்தனை காலம் ஆகியிருக்குமோ! அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க யோசிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

மீதிப் பாதி? கொரோனா, டெங்கு, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி என்று எந்த வைரஸ் வந்தாலும் இன்டர்ஃபெரான் கூவும், எம்எக்ஸ்ஏ ஏறும். வைரஸ் என்று ரத்தம் சொல்லும். எந்த வைரஸ் என்று இந்தச் சோதனை சொல்லாது. ஃப்ளூதானா என்பதற்கு மூக்கிலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் செய்ய வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அந்த மூக்கு மாதிரியையும் முதல் இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுவது நல்லது.