கொசுவின் ஆயுளும் வைரஸின் அவசரமும்

“மழைத்துளியே விழாத மே மாதத்தில், சாக்கடை இல்லாத எங்கள் தெருவுக்கு டெங்கு எப்படி வந்தது?” என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சாக்கடையை முதலில் மறந்துவிடலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு பெரும்பாலும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நாம் வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வரும் தெருவில் யாரும் டிரம்மில் பிடித்து வைப்பதில்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா என எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். வறட்சிக் காலத்திலும் டெங்கு பரவுவது இதனால்தான். பிரேசிலில் கடும் வறட்சிக்குச் சில மாதங்கள் கழித்து டெங்கு கூடியதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தண்ணீர் விநியோகம் அடிக்கடி தடைபடும் நகர்ப்புறங்களில் அந்த ஆபத்து இன்னும் அதிகமாக இருந்தது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிட முடியாது. இரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் முதலில் கொசுவின் குடல் சுவரைத் தொற்றி, அங்கே பெருகி, உடல் முழுவதும் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதன் பிறகு கடித்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். இந்தப் பயணத்துக்கு 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது; 30 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரம்.

கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். நாள்தோறும் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் ஏறிய நூறு கொசுக்களில் பதினான்காம் நாள் வரை பிழைத்திருப்பவை ஏறத்தாழ 23. ஏழாம் நாள் வரை என்றால் 48. ஒரு கொசுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. ஐந்து டிகிரி வெப்பம் கூடியதில் நோய் பரப்பும் கொசுக்கள் இரட்டிப்பாகிவிட்டன! வெப்பம் 35 டிகிரியை நெருங்கினால் கொசுவே சீக்கிரம் செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஏடிஸ் கத்திரி வெயிலில் அலைவதில்லை. கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் நிழலில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போக, கொசு இருமுறை கடித்தாக வேண்டும்: வைரஸை வாங்க ஒருமுறை, கொடுக்க ஒருமுறை. ஆகவே கொசு மனிதரைக் கடிப்பது பாதியாகக் குறைந்தால் பரவல் கால்வாசியாகிவிடும்.

ரியோ கிராண்டே ஆற்றின் ஒரு கரையில் அமெரிக்காவின் லாரெடோ. மறுகரையில் மெக்சிகோவின் நுவேவோ லாரெடோ. ஒரே வெயில், ஒரே கொசு. மக்களும் பாலத்தில் போய்வந்துகொண்டே இருப்பார்கள். 1999இல் அங்கே டெங்கு பரவியபோது இரு ஊர்களிலும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அண்மையில் தொற்றியதற்கான அடையாளம் மெக்சிகோ பக்கம் 16 சதவீதம் பேரிடம் இருந்தது. அமெரிக்கப் பக்கம் 1.3 சதவீதம்தான். இத்தனைக்கும் கொசு வளரும் பாத்திரங்கள் அமெரிக்கப் பக்கம்தான் அதிகம்! அங்கே ஏசி போட்டு ஜன்னலை அடைத்து வாழ்ந்தார்கள். கொசு வெளியே நிறைய இருந்தும் ஆளைக் கடிக்க வழியில்லை. நோயைத் தடுத்தது பணம்தான் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எல்லா வீட்டுக்கும் ஏசி கொடுக்க முடியாது. கொடுத்தால் மின்செலவும் புவிவெப்பமும் கூடும். ஆனால் நாள்தோறும் தண்ணீர் கொடுக்க முடியும். தெருவில் புகை அடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் அதற்குப் பணம் உடனே கிடைக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் கொசுவை அந்தப் புகை பெரும்பாலும் எட்டுவதில்லை. குடிநீர்க் குழாய்க்கும், வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் பூச்சியியல் பணியாளர்களுக்கும் செலவிடுவதே நோய்த்தடுப்பு என்பது என் உறுதியான கருத்து.

மதுரை வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்த நிலையில் அவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகு நிரப்புங்கள். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள்.