ஒன்பதுக்கு ஒன்பது காட்டாத கால்குலேட்டர்

பழைய கால்குலேட்டர்களைச் சேகரிப்பவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. புதிதாக ஒன்று கைக்கு வந்தவுடன் கோண அளவைப் பாகையில் வைத்துக்கொண்டு 9 என்று அழுத்துவார்கள். அதற்கு சைன், வந்த விடைக்குக் கொசைன், அதற்கு டேன்ஜென்ட். பிறகு அதே வரிசையில் பின்னோக்கி நேர்மாறு டேன்ஜென்ட், நேர்மாறு கொசைன், நேர்மாறு சைன். போன வழியே திரும்பினால் புறப்பட்ட 9-க்கே வந்து சேர வேண்டும் அல்லவா? ஹெச்பி நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ஹெச்பி-15சி இதற்குக் காட்டும் விடை 9.000417403. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஹெச்பி-48எஸ்எக்ஸ் காட்டுவது 8.99999864267.

இந்த விடைகளைப் பட்டியலிட்டு, 9-க்கு மிக அருகில் நிற்பதே சிறந்த கருவி என்று தரவரிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. 9.000417403 என்பது கோளாறின் விளைவு அல்ல. ஒவ்வொரு படியிலும் பத்து இலக்கம் மட்டுமே வைத்துக்கொண்டு, அந்தப் பத்தையும் பிசகாமல் கணக்கிட்டால் வந்தே தீர வேண்டிய விடை அதுதான்.

எப்படி என்று பார்ப்போம். 9 பாகையின் சைன் 0.1564344650. இந்தச் சிறிய எண்ணைக் கோணமாக எடுத்துக்கொண்டு கொசைன் கண்டால் 0.99999627274 என்று போகும். பத்து இலக்கத்துக்குச் சுருக்கினால் 0.9999962727. இதில் முதல் ஐந்து இலக்கங்கள் வெறும் ஒன்பதுகள். சுழியத்துக்கு அருகில் எந்தக் கோணத்தை எடுத்தாலும் கொசைன் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அந்த ஐந்தும் நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. நாம் புறப்பட்ட கோணம் எது என்ற தகவல் முழுவதும் மிச்சமுள்ள 62727-க்குள் ஒடுங்கிவிட்டது.

அடுத்தது டேன்ஜென்ட். உண்மையான மதிப்பு 0.01745499985474. பத்து இலக்கக் கருவியில் இடம் 0.01745499985 வரைதான், கடைசி 474 கழிகிறது. திரும்பும்போது இந்தச் சுருக்கிய எண்ணுக்கு நேர்மாறு டேன்ஜென்ட் கண்டால் 0.9999962724 வருகிறது. போகும்போது 7 இருந்த இடத்தில் இப்போது 4. வித்தியாசம் பத்தாவது தசம இடத்தில் வெறும் மூன்று. ஆனால் அடுத்து வருவது நேர்மாறு கொசைன். இந்த இடத்தில் அது தன்னிடம் வரும் பிழையை ஏறத்தாழ 21,000 மடங்கு பெருக்கும். அதன்பின் நேர்மாறு சைன் இன்னொரு 58 மடங்கு. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு லட்சம் மடங்கு! பத்தாவது தசம இடத்தில் கிடந்த தூசு நான்காவது இடத்துக்கு ஏறி 0.0004 ஆக நிற்கிறது.

ஆக, கேள்வியே கோணலானது. அந்தக் கேள்விக்கு ஹெச்பி-15சி பத்து இலக்கத்தில் சொல்லக்கூடிய சரியான பதிலைச் சொல்கிறது. ஹெச்பி-48எஸ்எக்ஸ் பன்னிரண்டு இலக்கம் வைத்துக்கொள்வதால் அதன் பிழை ஆறாவது தசம இடத்துக்குப் பின்வாங்குகிறது. அவ்வளவுதான் செய்தி.

சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவற்றில் இதே கணக்குக்கு 9 என்றே வருகிறதே, அது எப்படி? பெரும்பாலும் ஒளித்துவைத்த இலக்கங்களால்தான். 1977-இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-59 திரையில் பத்து இலக்கம் காட்டியது, உள்ளே பதின்மூன்று வைத்திருந்தது. பொறியியல் மாணவர்களின் பைகளில் இன்றைக்கும் கிடக்கும் காசியோ எஃப்எக்ஸ்-991 வகைக் கருவிகள் பத்தைக் காட்டிவிட்டு உள்ளே பதினைந்தை வைத்திருக்கின்றன. கையில் ஒன்று இருந்தால் உடனே சோதிக்கலாம்: பை விசையை அழுத்தி, திரையில் தெரியும் 3.141592654-ஐ அதிலிருந்து கழியுங்கள். சுழியம் வராது, −4.1×10⁻¹⁰ என்பதுபோல ஒரு சிறு எண் வரும். அதுதான் ஒளிந்திருந்த வால். ஹெச்பி-15சியில் இதையே செய்தால் சுத்தமான சுழியம். அங்கே கண்ணில் படுவதற்கு அப்பால் எதுவும் இல்லை.

இவை இரண்டு வேறு கொள்கைகள். மறைத்துவைத்தால் நீண்ட கணக்குகளில் கடைசி இலக்கங்கள் அழகாக முடியும். ஆனால் திரையில் தெரியும் எண்ணும் கருவி பயன்படுத்தும் எண்ணும் ஒன்றல்ல. மறைக்காவிட்டால் விடை அசிங்கமாக வரலாம்; ஆனால் திரையில் உள்ளதைத் தாளில் எழுதி மறுபடி உள்ளிட்டாலும் அதே கணக்கு தொடரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஹெச்பியும் சைன் போன்ற ஒரு சார்பைக் கணக்கிடும்போது உள்ளே பதின்மூன்று இலக்கத்தில்தான் வேலை செய்கிறது. விடையை வெளியே தரும்போது பத்துக்கு ஒழுங்காகச் சுருக்கித் தந்துவிடுகிறது. இந்த ஒழுங்குக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதர் வில்லியம் காகன். பின்னாளில் கணினிகளின் மிதவைப் புள்ளிக் கணக்குக்கு, அதாவது புள்ளியின் இடம் அடுக்கால் நகரும் எண்களின் கணக்குக்கு, 1985-இல் வந்த பொதுத்தரத்தை வடிவமைத்தவரும் அவரே. சரி, டேன்ஜென்ட் விசையை அழுத்தியதும் இத்தகைய கருவி உள்ளே என்னதான் செய்கிறது?

1972-இல் 395 டாலருக்கு வந்த ஹெச்பி-35, சட்டைப்பையில் அடங்கிய முதல் அறிவியல் கால்குலேட்டர். அதன் முழு நிரலும் 768 கட்டளைகள். பெருக்கலுக்கென்று தனி மின்சுற்று கிடையாது. கூட்டல், கழித்தல், இலக்கங்களை இடம் நகர்த்துதல் மட்டுமே தெரியும். இதை வைத்துக்கொண்டு 25 பாகையின் டேன்ஜென்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரர் பெரிய நோட்டில் தொடங்கிச் சில்லறை வரை எண்ணித் தருவதுபோல, அது கோணத்தைப் பிரித்துக்கொள்கிறது. டேன்ஜென்ட் 1, 0.1, 0.01, 0.001 ஆக இருக்கும் கோணங்கள்தான் அதன் நோட்டுகள்: 45, 5.7106, 0.57294, 0.0572957 பாகைகள். 25-இல் 45 போகாது. 5.7106 நான்கு முறை போகும், மீதி 2.1576. அதில் 0.57294 மூன்று முறை, மீதி 0.4388. பிறகு 0.0572957 ஏழு முறை. இப்படியே கடைசி இலக்கம் வரை.

இந்தக் கோணங்களைத் தேர்ந்ததில்தான் சாமர்த்தியம். ஒரு கோட்டைக் கிடையாக வைத்துக்கொண்டு அதை மேற்சொன்ன ஒவ்வொரு கோணத்துக்கும் திருப்பிக்கொண்டே போகலாம். 5.7106 பாகை திருப்ப, செங்குத்துத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கிடைத்தூரத்திலிருந்து கழித்து, கிடைத்தூரத்தில் பத்தில் ஒரு பங்கைச் செங்குத்துத் தூரத்தோடு கூட்டினால் போதும். பத்தால் வகுப்பது என்றால் இலக்கங்களை ஒரு இடம் நகர்த்துவது, பெருக்கலே தேவைப்படவில்லை. எல்லாம் முடிந்தபின் செங்குத்தைக் கிடையால் வகுத்தால் டேன்ஜென்ட். கோடு திரும்பும்போது கொஞ்சம் நீளவும் செய்யும். வகுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. கார்டிக் எனப்படும் இந்த முறையை 1959-இல் வெளியிட்டவர் ஜாக் வோல்டர், அதுவும் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கணினிக்காக.

768 கட்டளைக்குள் எல்லாவற்றையும் திணித்தால் எங்காவது ஒன்று தவறாமல் இருக்காது. முதலில் விற்ற ஹெச்பி-35களில் 2.02-க்கு இயல் மடக்கை கண்டு, உடனே அதன் நேர்மாறான அடுக்குச் சார்பை அழுத்தினால் 2.02 திரும்பாமல் 2 வந்தது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. இது அசல் பிழை. ஒன்பதின் கதையோடு இதைச் சேர்க்கக் கூடாது.

இந்தக் கருவிகள் எண்களைப் பதின்மத்திலேயே வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. ஹெச்பி-15சியில் ஒரு எண்ணை வைத்திருக்கும் இடமான பதிவகம் 56 பிட்; நான்கு பிட்டுக்கு ஒரு இலக்கம் என்ற கணக்கில் பதினான்கு இடங்கள். மதிப்புக்குப் பத்து, அடுக்குக்கு இரண்டு, இரண்டு குறிகளுக்கு இரண்டு. ஆகவே 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் அங்கே சரியாக 0.3. 0, 1 மட்டுமே கொண்ட இருமத்தில் கணக்கிடும் இன்றைய கணினி மொழிகள் பலவற்றில் அது 0.30000000000000004.

பேசிக் மொழியில் நிரல் எழுதக்கூடிய ஷார்ப் பிசி-1211 போன்ற கையடக்கக் கணினிகள் 1980 வாக்கில் வந்தபின் ஒப்பீட்டுக்கு வேகமும் சேர்ந்தது. சாவேஜ் சோதனை என்று ஒன்று: ஒரு எண்ணை வர்க்கமாக்கி, வர்க்கமூலம் கண்டு, மடக்கை எடுத்து, அடுக்குச் சார்பால் மீட்டு, நேர்மாறு டேன்ஜென்ட், டேன்ஜென்ட் என்று சுற்றி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒன்றில் தொடங்கி 2499 முறை செய்தால் 2500 வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு விலகியது என்று இரண்டையும் குறித்துக்கொள்வார்கள்.  

ஒன்பது சோதனையின் மெய்யான பயன் அடையாளம் காண்பதில் இருக்கிறது. இரு வேறு பெயர்களில் விற்கும் கருவிகள் கடைசி இலக்கம் வரை ஒரே விடை தந்தால், உள்ளே ஓடுவது ஒரே சிப் அல்லது ஒரே நிரல் என்று சந்தேகிக்கலாம். ஹெச்பி-15சியை 2011-இலும் 2023-இலும் மறுபடி வெளியிட்டபோது புதிய சிப்பில் பழைய நிரலையே ஓடவிட்டார்கள்; பழைய விடைகளும் அப்படியே கூட வந்தன.

இன்று ஃபிரீ42 என்ற இலவச மென்பொருள், ஹெச்பி-42எஸ் கால்குலேட்டரைப் போல நடித்துக்கொண்டு 34 இலக்கத்தில் கணக்கிடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களோடு வரும் கூகுள் கால்குலேட்டர் இன்னொரு பாதையில் போகிறது: விடையை எண்ணாகச் சேமிக்காமல், கேட்கும் அளவுக்கு இலக்கங்களைக் கணக்கிட்டுத் தரும் ஒரு செய்முறையாக வைத்திருக்கிறது. விரலால் தள்ளத் தள்ள புதிய இலக்கங்கள் வரும். இதற்கும் ஒரு விலை உண்டு. இப்படி வைத்திருக்கும் இரண்டு எண்கள் சரிசமமா என்று எல்லா நேரத்திலும் தீர்மானிக்க ஒரு பொதுவழி கிடையாது. எத்தனை சுழியங்கள் தொடர்ந்து வந்தாலும், அடுத்த இலக்கமும் சுழியமா என்பதற்கு அந்த வரிசை மட்டும் உத்தரவாதம் தராது.