டிஸ்டோபியா: துயர உலகமா, கொடுநாடா?

அக்கா மகள் மூன்று தடிப் புத்தகங்களைக் கையில் திணித்தாள். அமெரிக்க எழுத்தாளர் லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' நாவல் வரிசை. "டிஸ்டோபியன் ரொமான்ஸ் மாமா, படிச்சுப் பாருங்க." நன்மை செய்வதாகச் சொல்லியே மனிதரை ஒடுக்கும் ஆட்சி நடக்கும் கற்பனை நாட்டைத்தான் டிஸ்டோபியா என்கிறார்கள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். 'துயர உலகம்' என்று சட்டென்று சொல்லி வைத்தேன். "அந்த ஊர்ல யாருமே துயரமா இல்லையே மாமா. அதுதானே பிரச்சினையே!"

அவள் சொன்னது சரிதான். சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால் அது இன்னும் தெளிவாகிறது.

யுடோபியாவிலிருந்து தொடங்க வேண்டும். 1516இல் தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய நூலில் வரும் தீவின் பெயர் அது. கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'டோபோஸ்' என்றால் இடம். ஆக, 'இல்லாத இடம்'. 'நல்ல' என்று பொருள்படும் 'எவ்' என்ற முன்னொட்டும் கிரேக்கத்தில் உண்டு. அதைச் சேர்த்தால் 'நல்ல இடம்'. இந்தச் சிலேடையை நூலின் தொடக்கத்தில் உள்ள சிறு கவிதையே எடுத்துக்காட்டுகிறது. நல்ல இடம், ஆனால் எங்கும் இல்லை. மோருக்குக் குறும்பு அதிகம்.

டிஸ்டோபியாவின் புகழ்பெற்ற பயன்பாடு வந்தது அதற்கு மூன்றரை நூற்றாண்டு கழித்து. 1868 மார்ச் 12 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதம். தத்துவவாதியும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் எழுந்து அரசின் கொள்கையைச் சாடினார். இவர்களை யுடோபியர்கள் என்பது பாராட்டாகிவிடும், டிஸ்டோபியர்கள் என்றே சொல்ல வேண்டும் என்றார். யுடோபியா என்பது நடைமுறைக்கு ஆகாத அளவு நல்லது, இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஆகாத அளவு கெட்டது என்பது அவர் வாதம். 'டிஸ்' என்றால் கெட்ட, பழுதான. வாசிப்பதில் தடுமாற்றத்தைக் குறிக்கும் டிஸ்லெக்சியாவில் இருப்பதும் இதுதான், சீதபேதியைக் குறிக்கும் டிசென்ட்ரியில் இருப்பதும் இதுதான். சமஸ்கிருதத்தின் 'துஸ்', 'துர்' இதற்குப் பங்காளி முறை. நாம் துர்நாற்றம் என்கிறோமே, அந்தத் 'துர்'.

மில் அந்தச் சொல்லை எதன் மேல் வீசினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாழடைந்த ஊரின் மேலோ பஞ்சத்தின் மேலோ அல்ல, ஆளும் முறையின் மேல்.

இன்று இந்தச் சொல் படும் பாடு வேறு. அணுகுண்டு விழுந்து மண்மேடான நகரம் டிஸ்டோபியா, பிணங்கள் எழுந்து நடந்தால் டிஸ்டோபியா, மழைநீர் வடியாத தெருவும் டிஸ்டோபியா. அழிவுக்குப் பிந்தைய உலகம் வேறு, டிஸ்டோபியா வேறு. இங்கே தெருவிளக்கு எரியும், பேருந்து நேரத்துக்கு வரும், ரேஷன் ஒழுங்காகக் கிடைக்கும். எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

2008இல் 'ஹங்கர் கேம்ஸ்' வந்து வெற்றி பெற்றதும் இளையோர் நாவல்களில் இந்த வகைக்கு ஓர் அலை எழுந்தது. 2011 முதல் 2013 வரை வெளிவந்த 'டெலிரியம்' வரிசையும் அந்த அலையில் வந்ததுதான். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம். அங்கே காதல் ஒரு நோய். பதினெட்டு வயதானதும் மூளையில் சிகிச்சை செய்து அதற்கு 'மருந்து' கொடுத்துவிடுவார்கள். பிறகு நிம்மதி. ரோமியோ ஜூலியட் கதை பள்ளியில் எச்சரிக்கைப் பாடம். யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அரசே ஒரு சிறு பட்டியல் தரும். (இந்த இடத்தில் எனக்குப் பெரிதாக அதிர்ச்சி வரவில்லை. நம் வீட்டில் பட்டியல் அத்தையிடமிருந்து வரும், அவ்வளவுதான்.) நாயகி லீனா சிகிச்சைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பயந்து அல்ல, ஆசையாக! முதல் புத்தகத்தின் பலமே அந்த ஆசைதான். அலெக்ஸைச் சந்தித்து அவள் மனம் மாறும்வரை வரும் பக்கங்கள்தான் உண்மையான டிஸ்டோபியா.

இரண்டாம் புத்தகத்தில் ஜூலியன் வருகிறான், முக்கோணக் காதல் வந்துவிடுகிறது. அதன் பிறகு அரசு வெறும் பின்னணி ஆகிவிட்டது. காதலர்கள் ஓட வேண்டும் என்பதற்காகத் துரத்துகிறது, அவ்வளவே. அரசு இருக்கும் இடத்தில் ஒரு கோபக்கார அப்பாவை வைத்தாலும் கதை நடந்திருக்கும். இந்த வகை நாவல்கள் பலவற்றோடும் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

மூன்றாம் புத்தகம் ஒருவகையில் மீட்டுக் கொடுத்தது. அதில் பாதி லீனாவின் தோழி ஹானாவின் குரலில் வருகிறது. ஹானா சிகிச்சை பெற்றுவிட்டவள், நகரின் மேயரை மணக்கப் போகிறவள். காட்டில் நடக்கும் சண்டைகளைவிட அவளுடைய கல்யாண ஏற்பாடுகள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கின.

டெலிரியம் என்ற சொல்லிலும் ஒரு சங்கதி இருக்கிறது. லத்தீனில் 'லீரா' என்றால் உழவுச்சால். 'டே' என்றால் விலகி. சால் விலகி ஏர் கோணலாகப் போவதுதான் மூலப்பொருள், பித்து என்பது பின்னால் வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். யுடோபியாவுக்குக் கற்பனாலோகம், கனவுலகம் என்றெல்லாம் சொல்கிறோம். கற்பனாவாதம் என்ற சொல்லிலோ ஒரு சிக்கல். கற்பனாவாத சோசலிசம் என்றால் யுடோபியா, இலக்கிய விமர்சனத்தில் கற்பனாவாதம் என்றால் ரொமான்டிசிசம், அதாவது உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தரும் போக்கு. டிஸ்டோபியன் ரொமான்ஸைத் தமிழாக்கப் போனவர் இங்கேயே தடுக்கி விழுவார்.

துயர உலகம், இருண்ட உலகம் எல்லாம் உணர்ச்சியைச் சொல்கின்றன, ஆட்சியைச் சொல்லவில்லை. துர்நாடு என்றால் உறவுமுறை சரிதான், ஆனால் காதில் துர்நாற்றம் வந்து நிற்கிறது. என் ஓட்டு 'கொடுநாடு' என்பதற்கு. கொடு என்பதற்கு வளைந்த என்றும் பொருள் உண்டு. கொடுவாள் வளைந்த வாள். நேராக நிற்பது செங்கோல், வளைந்துபோனது கொடுங்கோல். நாடு ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒழுங்கே கோணல். குறளில் கொடுங்கோன்மை அதிகாரத்தில் 'இன்மையின் இன்னாது உடைமை' என்று ஒரு குறள் (558) தொடங்குகிறது. முறை செய்யாத மன்னனின் கீழ் வாழும்போது, இல்லாமையைவிட உடைமையே துன்பம் என்கிறார் வள்ளுவர். டிஸ்டோபியாவுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அக்கா மகளிடம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா யாரோ வாசல்ல நின்னு 'நாட்டைக் கொடு'ன்னு கேக்கற மாதிரியே இருக்கே?"

அதுவும் சரிதான். அப்படிக் குழப்பம் வரும் இடத்தில் 'கொடுங்கோல் நாடு' என்று நீட்டி எழுதிக்கொள்ளலாம் என்று சமாளித்தேன். அவள் அதற்குள் அடுத்த வரிசையின் முதல் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள்.