எந்த சர்வரிடம் கேட்கிறது உங்கள் கணினி?

மொரிஷியஸில் ஃபோன் வழியாக ஒருவருக்குக் கணினி உதவி செய்வது தனிக் கலை. கத்ர் போர்ன் அத்தையின் விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கும், ரோஸ் ஹில் மாமாவுடையது ஆங்கிலத்தில் இருக்கும். நாம் விளக்குவதோ கிரியோலில். எந்த மெனுவை அழுத்தச் சொல்வது? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளைத் திரையில் இந்தத் தொல்லை குறைவு. மெனுதான் மொழிக்கு மொழி மாறும், கட்டளை மாறாது. டிஎன்எஸ் மாற்றுவதற்கு அதுவே நல்ல வழி என்பேன்.

தளங்களின் பெயர் நமக்கு; எண் முகவரி கணினிகளுக்கு. பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அதை ஒவ்வொரு கணினியும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று உங்கள் கணினி நேராக உலகம் முழுக்கத் தேடுவதில்லை. ஒரு சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்த சர்வர் முதலில் மூல சர்வர்களையும், அப்புறம் மொரிஷியஸுக்கான ‘டாட் எம்யூ’ போன்ற பின்னொட்டுக்கு உரியவற்றையும், கடைசியில் அந்தத் தளத்தின் சர்வரையும் விசாரித்துப் பதில் சொல்லும். நாம் மாற்றப்போவது அந்த முதல் சர்வரை மட்டும். பொதுவாக அதை உங்கள் ரூட்டரே சொல்லிவிடும்.

விண்டோஸில் கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘நெட்ஷ்’ கட்டளையில் இணைப்பின் பெயரையும் புதிய சர்வரின் எண்ணையும் கொடுத்தால் போதும். பழைய பிரெஞ்சு விண்டோஸ்களில் இணைப்பின் பெயரும் பிரெஞ்சில் இருக்கும், எனவே முதலில் பட்டியலைப் பாருங்கள். மேக்கில் ‘நெட்வொர்க்செட்டப்’. லினக்ஸில் பாரம்பரிய வழி ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ என்ற கோப்பு. புதிய லினக்ஸ்களில் அதை வேறொரு நிரல் எழுதுவதால், கையால் திருத்தியது அடுத்த முறை காணாமல் போகலாம்.

அந்தக் கோப்பில் மூன்று சர்வர்கள் வரை எழுதலாம். வரிசை முக்கியம். நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டு 1998-ல் எழுந்த எதிர்ப்பும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கிறதா? இங்கேயும் மேலே இருப்பவருக்குத்தான் முதல் மரியாதை. முதல் சர்வர் செத்துக் கிடந்தால், வழக்கமான அமைப்பில் 5 வினாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். “நெட் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் இழுக்கிறது” என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுவே இருக்கும்.

மாற்றியும் பழைய பதிலே வருகிறதா? கணினி பழைய பதில்களைச் சேமித்து வைத்திருக்கும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ சேர்த்துத் துடைக்க வேண்டும். அது சரியாகவில்லை என்றால், எண் முகவரியின் புதிய வகையான ஐபிவி6 பக்கம் பாருங்கள். பலர் பழைய வகையான ஐபிவி4-க்கு மட்டும் மாற்றிவிட்டு, ரூட்டர் கொடுத்த ஐபிவி6 சர்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். சில பிரவுசர்கள் உங்கள் அமைப்பைச் சட்டை செய்யாமல் தாங்களே வேறு சர்வரிடம் கேட்பதும் உண்டு.

எந்த சர்வரைப் போடுவது என்பதில் நம்மைப் போன்ற தீவுக்காரர்களுக்குத் தூரமும் ஒரு கணக்கு. ஒளி இழையில் வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகிறது. பாரிஸ் இங்கிருந்து ஏறத்தாழ 9,400 கி.மீ.; நேர்கோட்டில் போனாலே போய்வர 94 மில்லிவினாடி. ஜோகன்னஸ்பர்க் என்றால் 30-ஐ ஒட்டி வரும். அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று: வீடியோ தளங்கள் பலவும், கேட்கும் டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அருகிலுள்ள கணினியின் முகவரியைத் தருகின்றன. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் வீடியோவும் ஐரோப்பாவிலிருந்து வரக்கூடும். கூகுளின் 8.8.8.8 என்ற டிஎன்எஸ் சர்வர் உங்கள் முகவரியின் முற்பகுதியை அத்தகைய தளங்களுக்குத் தெரிவித்து இதைச் சமாளிக்கிறது, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 அந்தரங்கம் கருதிப் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. எதைத் தேர்வது என்பது உங்கள் விருப்பம். என் வாக்கு, அளந்து பார்த்து வேகமாக வருவதற்கே. மேக்கிலும் லினக்ஸிலும் ‘டிக்’ கட்டளை, பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று கடைசியில் சொல்லும். முதல் முறை வந்த எண்ணைப் பாருங்கள், இரண்டாவது சேமிப்பிலிருந்து வந்திருக்கும்.

அலுவலக மடிக்கணினியில் மட்டும் கை வைக்கும் முன் விசாரியுங்கள். உள் பிரிண்டர், கோப்பு சர்வர் பெயர்களெல்லாம் அலுவலகத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வருக்குத்தான் தெரியும். மாற்றித் தொலைத்துவிட்டால், அதே ‘நெட்ஷ்’ கட்டளையில் எண்ணுக்குப் பதிலாக ‘டிஹெச்சிபி’ என்று கொடுங்கள், ரூட்டர் சொல்லும் சர்வரே திரும்ப வந்துவிடும்.