வரி டோக்கனைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பா ஒன்றுடன் எங்கள் பழம்பொருள் பாதுகாப்புக் கூடத்துக்கு வந்தார். உள்ளே, அமெரிக்காவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய பழைய விற்பனை வரி டோக்கன்கள்; ஒரு காலத்தில் அங்கே கடைகளில் வரிச் சில்லறையாகப் புழங்கிய சிறு வில்லைகள். "கறுத்துக் கிடந்தது சார், புளியில் ஊறப்போட்டுத் தேய்த்துவிட்டேன்" என்று ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மிசௌரி மாநிலத்தின் துத்தநாக டோக்கன் அது. நடுவில் அந்த மாநிலத்தின் எல்லைக்கோடு இருக்க வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் பரப்பெங்கும் குழிகள். கோட்டில் பாதியைக் காணவில்லை.

குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. ஆனால் துத்தநாகம் பித்தளை அல்ல. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதைக் கரைத்துவிடும். மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறப் படலம் அழுக்கும் அல்ல; உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் போர்வை. அதை உரித்தால் எழுத்தும் கூடவே போய்விடும்.

அந்த எழுத்துக்காகத்தான் இவற்றைச் சேகரிக்கிறோம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வருவாய் வற்றிய அமெரிக்க மாநிலங்கள் விற்பனை வரியைக் கொண்டுவந்தன. பத்து சென்ட் பொருளுக்கு 2 சதவீத வரி என்றால் ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 மில் (சென்ட்டில் பத்தில் ஒரு பங்கே ஒரு மில்). அவ்வளவு சிறிய நாணயம் அங்கே கிடையாது. கடைக்காரர் முழு சென்ட்டாக வாங்கினால், கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வாங்கும் ஏழைக்குத்தான் நட்டம். அதனால் ஒரு சென்ட் கொடுத்தவருக்கு மீதி 8 மில்லை டோக்கன்களாகத் தந்தார்கள்: ஒரு 5 மில், மூன்று 1 மில். அடுத்த முறை வரிக்கு அவற்றையே நீட்டலாம். ஏழையின் அரைக்காசுக்கும் கணக்கு வைத்த இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி உண்டாகும்.

பன்னிரண்டு மாநிலங்கள் இவற்றை வெளியிட்டன. 1935இல் அரை சென்ட், ஒரு மில் நாணயங்களை மத்திய அரசே அச்சிடலாம் என்று கருவூலத் துறை முன்மொழிந்தது, நாடாளுமன்றம் ஏற்கவில்லை. மிசௌரி முதலில் பால் புட்டி மூடியைப் போன்ற அட்டை வில்லைகளைத் தந்தது. பிறகு துத்தநாகம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகம் அரிதானபோது பிளாஸ்டிக். அங்கே 1961 வரை அவை புழங்கின.

அட்டை வில்லை கையில் இருந்தால் ஈரமும் பூச்சியும் அண்டாமல் பாருங்கள். பிளாஸ்டிக் டோக்கனை வெயிலில் வைக்காதீர்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைக்கவும் வேண்டாம்; சில வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்தே விடும். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டு உலோகத்தை அரிக்கும். பாலியஸ்டர் உறையே நல்லது. விலையிலும் ஏமாறாதீர்கள்: இவை ஏராளமாக அச்சிடப்பட்டவை, பெரும்பாலானவை மிகச் சாதாரண விலைக்கே கிடைக்கும். 'அரிய நாணயம்' என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவரிடம் அரிதாவதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள்.

டப்பாவின் அடியில், புளிக்குத் தப்பிய ஓர் ஒக்லஹோமா அலுமினிய டோக்கன் கிடந்தது. விளிம்பைப் பிடித்து விளக்கொளியில் சாய்த்துக் காட்டினேன். 'முதியோர் உதவிக்காக' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் தேயாமல் இருந்தன. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.